வாக்கும் அரிசியும் – 6: எழுபது சதம்

1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியல் யாப்பின் வழியாக இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்ததையும், 21 வயது நிரம்பிய ஆண்களும் பெண்களும் சொத்தோ எழுத்தறிவோ கேட்கப்படாமல் வாக்களிக்கத் தொடங்கியபின் அரசாங்கத்தின் பணம் யாருக்காகச் செலவிடப்பட வேண்டும் என்ற வாதம் முற்றிலும் மாறிப்போனதையும் முந்தைய பகுதிகள் விரித்துரைத்தன. 1939இன் வறியோர் சட்டமும் மகப்பேற்று நன்மைச் சட்டமும், 1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா நிறைவேற்றிய இலவசக் கல்வித் திட்டமும், போர்க்காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடும் அந்த மாற்றத்தின் விளைவுகள்.

1948இல் சுதந்திரம் பெற்றபோது இலங்கை பணக்கார நாடாக இருக்கவில்லை. ஆயினும் அதன் குடிமகனுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் மலிவு அரிசியும் கிடைத்தன. வரியாகத் திரட்டிய பணத்தை வசதி குறைந்தோரிடம் பொருளாகவோ சேவையாகவோ கொண்டுசேர்ப்பதை மறுபங்கீடு என்பர்; அந்த மறுபங்கீடு இங்கே தொழில்வளர்ச்சியின் பின்னால் வராமல் வாக்குச்சீட்டின் பின்னால் வந்தது.

வாக்குச்சீட்டு கொடுத்ததை வரவுசெலவுத் திட்டம் திரும்பப் பெற முயன்றால் என்ன நேரும் என்பதற்கு 1953 வரை விடை இருக்கவில்லை. அவ்வாண்டு ஜூலையில் அந்த முயற்சி நடந்தது.

* * *

கூப்பன் புத்தகம்

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது, இறக்குமதி அரிசியை நம்பி வாழ்ந்த இலங்கைக்கு அரிசி வரும் பெருவழி அடைபட்டது. இருப்பதைப் பகிர்ந்து உண்ணும் கட்டாயத்தில் அரசாங்கம் பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கூப்பன் புத்தகம், வாரந்தோறும் குறிப்பிட்ட அளவு அரிசி, அரசாங்கம் விதித்த விலை என்பது அதன் சுருக்கம். மக்கள் அதைக் கூப்பன் அரிசி என்றார்கள். அளவை கொத்து, அதாவது ஏறத்தாழ இரண்டு இறாத்தல்.

இந்தத் திட்டத்தில் தகுதிச் சோதனை இருக்கவில்லை. வருமானத்தை விசாரித்து, ஏழை என்று உறுதிப்படுத்தியபின் மட்டும் உதவி வழங்குவதே தகுதிச் சோதனை எனப்படும். கூப்பன் புத்தகமோ அமைச்சருக்கும் துறைமுகத் தொழிலாளிக்கும் ஒன்றாகவே வழங்கப்பட்டது. இதைப் பணவிரயம் என்று கண்டித்த நிர்வாகிகள் அப்போதே இருந்தனர். ஆனால் எல்லோருக்கும் கிடைப்பதைக் காக்க எல்லோரும் எழுவார்கள் என்ற அரசியல் உண்மை அந்தக் கண்டனத்துக்கு எட்டவில்லை. ஏழைக்கு மட்டும் உரிய உதவியைக் குறைத்தால் ஏழை மட்டுமே முணுமுணுப்பான், அவனுக்குப் பக்கத்தில் எழுதுவினைஞரும் ஆசிரியரும் கடைக்காரரும் வந்து நிற்கமாட்டார்கள்.

போர் முடிந்தது, பங்கீடு முடியவில்லை. அரசாங்கம் வெளிநாட்டில் ஒரு விலைக்கு வாங்கிய அரிசியை உள்நாட்டில் அதைவிடக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. இடையிலுள்ள வித்தியாசத்தைப் பொதுப் பணத்திலிருந்து நிரப்புவதே உணவு மானியம். இன்னொரு பக்கம் உத்தரவாத விலைத் திட்டத்தின்கீழ் உள்நாட்டு விவசாயியின் நெல்லை ஒரு புசல் 12 ரூபாய் என்ற உயர்ந்த விலைக்கு அரசாங்கமே வாங்கியது. நுகர்வோரும் விவசாயியும் வாக்காளர்களே. இருவரையும் ஒரே நேரத்தில் மகிழ்விக்க வேண்டிய அரசாங்கம், விற்கும் விலையைத் தாழ்த்தியும் வாங்கும் விலையை உயர்த்தியும் நடுவிலிருந்த இடைவெளியைத் தானே சுமந்தது.

அந்தச் சுமைக்கான பணம் பெரும்பாலும் தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்கள் ஆகியவற்றின் ஏற்றுமதியிலிருந்து வந்தது. ஆகவே கொழும்பில் ஒரு கொத்து அரிசி 25 சதத்துக்குக் கிடைப்பது, இலண்டனிலும் நியூயோர்க்கிலும் தேயிலைக்கும் இறப்பருக்கும் என்ன விலை நிலவுகிறது என்பதைப் பொறுத்திருந்தது. உள்நாட்டு வாக்காளனுக்குக் கொடுத்த வாக்கு, அவன் வாக்களிக்க முடியாத சந்தைகளின் கையில் இருந்தது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உள்ளார்ந்த பலவீனம்.

* * *

கொரியாவிலிருந்து வந்த நெருக்கடி

1950 ஜூனில் கொரியப் போர் மூண்டதும் இறப்பர் விலை விண்ணைத் தொட்டது. கருவூலம் நிரம்பியது, இறக்குமதி பெருகியது, மானியத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 1952க்குள் அந்தப் பொற்காலம் முடிந்துவிட்டது. இறப்பர் விலை சரிந்தது; அதே வேளையில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. வருவாய் குறைந்து செலவு கூடிய அந்த இரட்டை நெருக்கடியில் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வேகமாகக் கரைந்தது.

1952 டிசம்பரில் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்கா சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தைச் செய்துகொண்டார். சந்தை விலையைவிட உயர்ந்த விலைக்கு இறப்பரைக் கொடுத்து, ஆண்டுக்கு 2,70,000 தொன் அரிசியைப் பெறும் ஐந்தாண்டு உடன்பாடு அது. பொதுவுடைமையை வெறுத்த ஓர் அரசாங்கம், அமெரிக்க உதவியை இழக்க நேரும் என்பதை அறிந்தும் மாவோவின் சீனத்தோடு கைகுலுக்கியது. வாக்காளனின் சோறு வெளிநாட்டுக் கொள்கையையே திசைமாற்றும் வலிமை பெற்றிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அக்காலத்தில் இல்லை.

ஆயினும் நெருக்கடி தீரவில்லை. 1950இல்தான் தொடங்கப்பட்டிருந்த மத்திய வங்கியும், 1951இல் வந்து நாட்டின் பொருளாதாரத்தை ஆராய்ந்த உலக வங்கிக் குழுவும் மானியச் சுமை பற்றி எச்சரித்திருந்தன. நுகர்வுக்குச் செல்லும் பணத்தை நீர்ப்பாசனத்துக்கும் தொழிலுக்கும் மின்சாரத்துக்கும் திருப்பினால்தான் பெருகிவரும் மக்கள்தொகைக்கு எதிர்காலம் உண்டு என்பது அந்த எச்சரிக்கையின் சாரம். அந்த வாதத்தில் பொருளே இல்லை என்று தள்ளிவிட முடியாது. யாருடைய தட்டிலிருந்து அந்தப் பணத்தை எடுப்பது என்பதில்தான் பூசல் தொடங்கியது.

அரசாங்கத்தின் நிலையும் சிக்கலானது. 1952 மார்ச் 22 அன்று, முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கா குதிரையிலிருந்து விழுந்த மறுநாள் காலமானார். அவருடைய மகன் டட்லி சேனநாயக்கா பிரதமரானார். மே மாதமே பொதுத்தேர்தலைச் சந்தித்தார். கூப்பன் அரிசியின் விலை 25 சதமாகவே இருக்கும் என்ற உறுதிமொழியோடு வாக்குக் கேட்ட ஐக்கிய தேசியக் கட்சி, 95 இடங்களில் 54ஐ வென்றது.

அந்த உறுதிமொழி பதினான்கு மாதங்களே நிலைத்தது.

* * *

ஜூலை 1953

நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்த்தனா 1953 ஜூலையில் கொண்டுவந்த நடவடிக்கைகளின் மையத்தில் ஒரே ஓர் எண் இருந்தது. ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டுவந்த இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் அஞ்சல் கட்டணமும் உயர்ந்தன.

இந்த முடிவின் பின்னிருந்த கணிப்பு இங்கே நிதானமாகப் பார்க்கத் தக்கது. அடுத்த தேர்தலுக்கு இன்னும் நான்காண்டு இருந்தது. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை உறுதியாக இருந்தது. எதிர்க்கட்சிகளோ தமக்குள் பிளவுண்டிருந்தன. கசப்பான மருந்தைப் பதவிக்காலத்தின் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால் தேர்தல் வருவதற்குள் கசப்பு மறந்துவிடும் என்பது தேர்தல் அரசியலில் அன்றும் இன்றும் செல்லுபடியாகும் தர்க்கம். அந்தத் தர்க்கத்தின்படி ஜயவர்த்தனா பிழையான காலத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. விலையை ஆண்டுக்குச் சிறிதாக உயர்த்துவது ஒரு வழி. வசதி படைத்தோரின் கூப்பனை மட்டும் நீக்குவது இன்னொரு வழி. இறப்பர் ஏற்றத்தில் பெருலாபம் ஈட்டியோரிடம் கூடுதல் வரி வாங்குவது இடதுசாரிகள் வற்புறுத்திய மூன்றாவது வழி. இவற்றில் எதுவும் நெருக்கடியை முழுமையாகத் தீர்த்திருக்கும் என்று சொல்ல முடியாவிட்டாலும், சுமையைப் பகிர்கிறோம் என்ற எண்ணத்தையேனும் விதைத்திருக்கும். அரசாங்கம் தேர்ந்த வழியோ, வருமானத்தின் பெரும்பகுதியை அரிசிக்கே செலவிடும் குடும்பத்தின்மீது மிகப்பெரிய பாரத்தையும், அரிசி ஒரு சிறு செலவாக மட்டுமே உள்ள குடும்பத்தின்மீது மிகச்சிறிய பாரத்தையும் ஏற்றியது. எல்லோருக்கும் ஒரே அளவில் உயர்ந்த விலை, எல்லோரையும் ஒரே அளவில் தாக்கவில்லை.

அதற்கும் மேலாக, கொடுத்த சொல் மீறப்பட்டது. 1931 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாக்களித்துப் பழகிய மக்கள், வாக்கை ஓர் உடன்படிக்கையாகவே கருதக் கற்றிருந்தார்கள். அரிசி விலை உயர்வை அவர்கள் பொருளாதாரச் செய்தியாகப் படிக்காமல் துரோகமாகப் படித்ததற்குக் காரணம் அதுதான்.

* * *

யார் எந்தப் பக்கம்

கொழும்பு காலிமுகத்திடலில், அன்றைய நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகிலேயே மக்கள் திரண்டனர். பொலிஸார் தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர். அடி வாங்கிய கூட்டம் கலைந்தது. கோபமோ கூடிக்கொண்டே போனது. இனிக் கூட்டமும் மனுவும் போதா என்ற எண்ணம் தொழிற்சங்கங்களில் வலுத்தது. ஆகஸ்ட் 12 அன்று ஹர்த்தால் நடத்துவதென்று முடிவாயிற்று.

ஹர்த்தால் என்பது தொழிலாளர் வேலைநிறுத்தம் மட்டுமன்று. கடை அடைக்கப்படும், வண்டி ஓடாது, பள்ளிக்குப் பிள்ளைகள் போகமாட்டார்கள், வயலில் ஏர் இறங்காது. சமூகம் முழுவதும் ஒருநாள் தன் இயக்கத்தை நிறுத்திக்கொள்ளும். இந்திய விடுதலைப் போராட்டத்தில் பழகிய இந்த முறையை இலங்கை இடதுசாரிகள் தேர்ந்ததற்கு நடைமுறைக் காரணம் ஒன்று இருந்தது. ஆலைத் தொழிலாளரின் எண்ணிக்கை குறைவு. கூப்பன் புத்தகம் வைத்திருந்தவர்களோ நாடு முழுவதும் இருந்தார்கள்.

என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, லெஸ்லி குணவர்த்தனா ஆகியோரின் லங்கா சமசமாஜக் கட்சி முன்னின்றது. அதிலிருந்து பிரிந்து தனிக்கட்சி நடத்திய பிலிப் குணவர்த்தனாவும், கம்யூனிஸ்ட் கட்சியும் உடன்வந்தனர். ட்ரொட்ஸ்கியவாதிகளும் ஸ்டாலின் ஆதரவாளர்களும் ஒரே மேடையில் நிற்பது அக்காலத்தில் எளிதில் நடக்கக்கூடியதன்று.

எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சியும் ஹர்த்தாலை ஆதரித்தது. 1952 தேர்தலில் செல்வநாயகம் தம் காங்கேசன்துறைத் தொகுதியையே இழந்திருந்தார். கட்சிக்கு நாடாளுமன்றத்தில் இரண்டே இடங்கள். அவருடைய பழைய தலைவரான ஜீ.ஜீ. பொன்னம்பலமோ விலையை உயர்த்திய அதே அமைச்சரவையில் அமர்ந்திருந்தார். அரிசி விலையில் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞரும் அம்பலாங்கொடை மீனவரும் ஒரே பக்கம் நின்ற அந்தத் தருணம் பிற்கால வரலாற்றை அறிந்தோரின் நெஞ்சைத் தொடும்; மொழி அரசியல் தீவைப் பிளப்பதற்கு முன், வயிற்றின் பேரால் ஓர் ஒற்றுமை சாத்தியமாக இருந்தது.

எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவின் சிறீலங்கா சுதந்திரக் கட்சி விலை உயர்வைக் கண்டித்தது. ஆனால் ஹர்த்தாலில் இறங்கவில்லை. எதிர்ப்பின் பலனைப் பெறவும் எதிர்ப்பின் அபாயத்திலிருந்து விலகி நிற்கவும் அந்த நிலைப்பாடு இடமளித்தது. அதன் அரசியல் மதிப்பு மூன்று ஆண்டுகளில் தெரியவந்தது.

* * *

புதன்கிழமை

1953 ஆகஸ்ட் 12, புதன்கிழமை. பொழுது புலரும்போதே கொழும்பு அடங்கிக்கிடந்தது. துறைமுகத்திலும் இரத்மலானைப் புகையிரதப் பணிமனையிலும் வெள்ளவத்தை நெசவாலையிலும் தொழிலாளர் வேலைக்குச் செல்லவில்லை. கடைகள் திறக்கப்படவில்லை.

இந்த அளவோடு நின்றிருந்தால் அது வெற்றிகரமான வேலைநிறுத்தமாக மட்டுமே பதிவாகியிருக்கும். கட்சிகள் எதிர்பாராத ஒன்று தென்மேற்குக் கரையோரக் கிராமங்களில் நடந்தது. கொழும்பிலிருந்து களுத்துறை வழியாக அம்பலாங்கொடையையும் ஹிக்கடுவையையும் தொடும் கரையோரத்திலும், தலைநகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் மக்கள் பெருந்திரளாக வீதிக்கு வந்தனர். மரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டனர். பேருந்துகளை நிறுத்தினர். தந்திக் கம்பிகளை அறுத்தனர். தண்டவாளங்களைப் பெயர்த்தனர். தொழிற்சங்கத்தின் நிழல்கூட விழாத கிராமத்து மக்கள், பெண்கள் உட்பட, பொலிஸாரை எதிர்த்து நின்றனர்.

கூப்பன் புத்தகம் செய்த வேலை அது. தொழிற்சங்கம் தொழிலாளியை மட்டுமே திரட்டும். அனைவருக்கும் பொதுவான ஒரு திட்டமோ, அதைப் பறிக்கும் கணத்தில் அனைவரையும் திரட்டிவிடுகிறது.

அரசாங்கம் அதிர்ந்தது. 1947இன் பொது வேலைநிறுத்தக் காலத்தில் காலனி ஆட்சியின் கீழ் இயற்றப்பட்ட பொதுப் பாதுகாப்புச் சட்டம் முதன்முறையாக உயிர்ப்பிக்கப்பட்டு, அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. அவசரகால நிலை என்பது வழக்கமான சட்டங்களை மீறும் விதிகளை நிர்வாகமே பிறப்பிக்க வழிசெய்யும் ஏற்பாடு. ஊரடங்கு விதிக்கப்பட்டது, படையினர் இறங்கினர், துப்பாக்கிச் சூடு நடந்தது. குறைந்தது ஒன்பது பேர் கொல்லப்பட்டனர்.

அமைச்சரவை கூடிய இடம்தான் அந்த நாளின் தன்மையை முழுமையாக உணர்த்துகிறது. சுதந்திர இலங்கையின் அமைச்சர்கள், கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லண்ட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடிப் பேசினர். பதினைந்து மாதங்களுக்கு முன் வாக்குப்பெட்டியின் வழியே பெரும்பான்மை பெற்ற அரசாங்கம், தன் வாக்காளரிடமிருந்து பாதுகாப்புத் தேடிக் கடலுக்குச் சென்றது.

ஹர்த்தாலுக்குக் குறிக்கப்பட்டது ஒரே நாள். சில ஊர்களில் கிளர்ச்சி அதற்குப் பின்னரும் நீடித்தது. ஆனால் தலைவர்கள் அதை நீட்டிக்கவில்லை. அரசாங்கத்தையே வீழ்த்தியிருக்கக்கூடிய வேளையைத் தவறவிட்டனர் என்ற குற்றச்சாட்டு இடதுசாரி அணிக்குள் நெடுங்காலம் ஒலித்தது. நிராயுதபாணிகளான கிராம மக்களைத் துப்பாக்கிகளின் முன் மேலும் பல நாட்கள் நிறுத்தியிருந்தால் விளைந்திருக்கக்கூடிய சாவுகளை எண்ணிப்பார்க்கும்போது, ஒருநாளோடு நிறுத்திய முடிவைக் கோழைத்தனம் என்று பழிப்பது நியாயமாகாது.

* * *

எண்ணப்பட்டும் வாக்கற்றவர்கள்

கரையோரம் கொந்தளித்த அந்த நாளில் மலைநாட்டுத் தோட்டங்கள் பெரும்பாலும் வழக்கம்போலவே இயங்கின. சௌமியமூர்த்தி தொண்டமான் தலைமையிலான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அனுதாபம் தெரிவித்ததேயன்றி, தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைக்கவில்லை. அரிசி விலை தோட்டத் தொழிலாளியையும்தான் தாக்கியது. அப்படியிருக்க, அந்த அமைதிக்குக் காரணம் என்ன?

1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி மூதாதையரோ இலங்கையில் பிறந்ததை நிறுவியவர்களை மட்டுமே பரம்பரைக் குடிகளாக ஏற்றது. பிறப்புப் பதிவே அரிதாக இருந்த தோட்டத் தொழிலாளர் லயன் அறைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் இதனால் நாடற்றவர்களாயினர். அடுத்த ஆண்டே தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, குடியுரிமை இல்லாதவரின் வாக்கும் பறிக்கப்பட்டது. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஏறத்தாழ முழுமையாக வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நின்றனர். அதை எதிர்த்துத் தொண்டமானும் தோழர்களும் கொழும்பில் நடத்திய சத்தியாக்கிரகம் பயனளிக்கவில்லை.

தொகுதிகளை வகுத்த முறை இந்த அநீதியை இரட்டிப்பாக்கியது. வாக்காளர் எண்ணிக்கையை விட்டுவிட்டு, வசிப்போர் எண்ணிக்கையைக் கொண்டே தொகுதிகள் பிரிக்கப்பட்டன. வாக்கில்லாத தோட்டத் தொழிலாளியும் அந்த எண்ணிக்கையில் சேர்க்கப்பட்டார். அதாவது, அவருடைய தலை ஓர் ஆசனத்தை உருவாக்கப் பயன்பட்டது. அந்த ஆசனத்தில் யார் அமர்வது என்பதைச் சுற்றியிருந்த சிங்களக் கிராமத்தின் வாக்காளர்கள் தீர்மானித்தனர். இதனால் கண்டிப் பிரதேசக் கிராமங்களின் அரசியல் எடை கூடியது. கிராமத்துக்குப் பாசனமும் குடியேற்றத் திட்டமும் நெல்லுக்கு உயர்ந்த விலையும் வந்தன. தோட்டத்துக்குள் எந்த வேட்பாளரும் வாக்குக் கேட்டு வரவேண்டியிருக்கவில்லை.

இலவசக் கல்வியின் பேரொளி தோட்டப் பள்ளிகளுக்குள் நுழையவில்லை. அவை தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பிலேயே 1970கள் வரை கிடந்தன. தோட்ட மருத்துவமும் அவ்வாறே. மலிவு அரிசிக்கும் இலவசப் பள்ளிக்கும் பணம் ஈந்த ஏற்றுமதித் தேயிலையைப் பறித்த கைகளுக்கு, அந்த நலன்கள் மிகக் குறைவாகவே வந்துசேர்ந்தன. இலங்கையின் சமூகநல வரலாற்றை வியந்து எழுதும் நூல்கள் சராசரி ஆயுளையும் எழுத்தறிவையும் பட்டியலிடுகின்றன. அந்தப் புகழ்ச்சி உண்மையே. அச்சராசரிக்குள் மலையகம் எங்கே இருந்தது என்று கேட்காமல் அதை ஏற்பது பொறுப்பான வரலாறாகாது.

ஜனநாயகம் மறுபங்கீட்டுக்கு வழிவகுக்கிறது என்ற பொதுவிதிக்கு இலங்கை மிகச் சிறந்த சான்று. அந்த விதி வாக்காளர் பட்டியலின் கடைசி வரியோடு நின்றுவிடுகிறது என்பதற்கும் இலங்கையே சான்று.

* * *

அக்டோபர்

உடல்நலம் குன்றியிருந்த டட்லி சேனநாயக்காவை ஆகஸ்ட் சாவுகள் மனத்தளவிலும் நொறுக்கின. அக்டோபர் 12 அன்று, ஹர்த்தாலுக்குச் சரியாக இரண்டு மாதம் கழித்து, அவர் பதவி விலகினார். நாடாளுமன்றத்தில் தோற்கவில்லை, தேர்தலிலும் தோற்கவில்லை. ஒரு கொத்து அரிசியின் விலையால் ஒரு பிரதமர் வீழ்ந்தார்.

சேர் ஜோன் கொத்தலாவலை பிரதமரானார். நிதியமைச்சு ஜயவர்த்தனாவிடமிருந்து எடுக்கப்பட்டு சேர் ஒலிவர் குணதிலகாவிடம் கொடுக்கப்பட்டது. ஜயவர்த்தனா விவசாய, உணவு அமைச்சுக்கு மாற்றப்பட்டார். அரிசி 70 சதத்திலிருந்து 55 சதமாக இறங்கியது. 1954இல் தேயிலை விலை ஏறியது அரசாங்கத்துக்கு மூச்சுவிட இடம்கொடுத்தது. விலை உடனே மீண்டும் 25 சதத்துக்கு இறங்காவிட்டாலும், இறங்கும் திசையிலேயே சென்றது.

1956 தேர்தலில் பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணி வென்றபோது ஐக்கிய தேசியக் கட்சிக்கு மிஞ்சியவை எட்டு இடங்கள். அந்தத் தேர்தல் சிங்களம் மட்டும் என்ற முழக்கத்துக்காகவே நினைவுகூரப்படுகிறது. ஹர்த்தாலில் எழுந்த அதே கரையோரக் கிராமங்களின் கசப்பும் அந்த வெற்றிக்குள் இருந்தது என்பது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. புதிய அரசாங்கம் அரிசியை 40 சதமாக்கியது. ஹர்த்தாலில் நின்ற பிலிப் குணவர்த்தனா விவசாய, உணவு அமைச்சரானார். ஆனால் வயிற்றின் பேரால் 1953இல் ஒன்றுசேர்ந்தவர்களை 1956இன் சிங்களம் மட்டும் மொழிச் சட்டம் பிரித்தது. தமிழரசுக் கட்சியினர் இப்போது காலிமுகத்திடலில் அமர்ந்தது அரிசிக்காக அல்ல, மொழியுரிமைக்காக. அவர்களைத் தாக்கியவர்கள் பொலிஸார் அல்லர், குண்டர்கள்.

1953இன் பாடத்தை இரு பெருங்கட்சிகளும் கற்றன. அடுத்த கால் நூற்றாண்டில் மானியத்தைக் குறைக்க முயன்றவர்கள் தயங்கித் தயங்கியே முயன்றனர். 1962இல் நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா பங்கீட்டு அளவைக் குறைக்க முனைந்தபோது சொந்தக் கட்சி உறுப்பினர்களே கிளர்ந்தெழ, அவர் பதவி துறந்தார். 1966இல் மீண்டும் பிரதமராக இருந்த டட்லி, அளவைப் பாதியாக்கிவிட்டு, எஞ்சிய பாதியை முற்றிலும் இலவசமாகக் கொடுத்துப் பிழைத்தார். ஆனால் 1970 தேர்தலில், இரண்டு கொத்தையும் சந்திரனிலிருந்தாவது கொண்டுவருவோம் என்ற எதிரணியின் வாக்குறுதி அவரை வீழ்த்தியது.

* * *

1953இல் நிதியமைச்சை இழந்தவர் அரசியலை விட்டுப் போகவில்லை. ஜே.ஆர். ஜயவர்த்தனா காத்திருந்தார், கற்றார். 1977இல் 168 இடங்களில் 140ஐ வென்று பிரதமரானார். மறு ஆண்டு நிறைவேற்று அதிகாரம் கொண்ட முதல் சனாதிபதியானார். தேர்தலில் அவருடைய கட்சி தந்த வாக்குறுதி மேலும் தாராளமானது: வாரந்தோறும் எட்டு இறாத்தல் தானியம்.

ஆனால் 1978இல் பங்கீடு, குறைந்த வருமானமுடைய குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. 1979இல் கூப்பன் புத்தகமே ஒழிக்கப்பட்டு, உணவு முத்திரை என்ற, விலைவாசியோடு சேர்ந்து உயராத ஒரு பணத்தொகை அதனிடத்தில் வைக்கப்பட்டது. 37 ஆண்டுகள் நீடித்த ஒரு திட்டத்தை, 1953இல் அதைத் தொட்டுச் சுட்டுக்கொண்ட அதே மனிதர் முடிவுக்குக் கொண்டுவந்தார்.

இம்முறை ஒரு தண்டவாளமும் பெயர்க்கப்படவில்லை. எந்த அமைச்சரும் கப்பலில் ஏறவில்லை. 70 சதத்துக்காக ஒரு பிரதமரை வீழ்த்திய அந்த வாக்காளர்கள் 1979இல் எங்கே போனார்கள்?

(தொடரும்)